உப்புப் போட்ட பட்டுநூல்

நான் காலையில் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று வருகிற போத்தலுக்குள் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று மருந்து செய்கிறவர்கள் போடுவது. மாத்திரை முடிந்ததும் போத்தலை எறிந்துவிடுவேன். பொட்டலத்தை எறிய மனம் வராமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். இப்போது இருபது முப்பது சேர்ந்துவிட்டன. போன மாதம் லாச்சியைத் துப்புரவாக்க வந்த மகள், "இது என்னத்துக்கு வாப்பா?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்லக் களைப்பாக இருந்தது. "கிடக்கட்டும்" என்றேன்.

அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் மாமியின் பட்டுநூலைக் கெடுத்தது நான். அதனால் மாமியின் தொழில் போனது. யார் தொட்டது என்று கேட்டபோது பொய் சொன்னேன். சத்தியமும் செய்தேன். அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே இதை எழுதுவதில் பெரிய தைரியம் ஒன்றுமில்லை.

மாமி என்பது வாப்பாவின் மூத்த சகோதரி. மன்னார்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளையில்லை. மாப்பிள்ளை இன்னொரு கலியாணம் முடித்ததும், ஒரு தகரப் பெட்டியோடு கற்பிட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாப்பாவுக்கு உப்பளத்தில் கங்காணி வேலை. இரண்டு அறை வீடு, நாங்கள் நான்கு பிள்ளைகள். உம்மா ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் வந்த மூன்றாம் மாதமே மாமி தனக்கொரு வேலை தேடிக்கொண்டார். தம்பியின் வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுவது மாமிக்கு முடியாத காரியம்.

வேலை இதுதான். எங்கள் கடலில் அறக்குளாவும் சூரையும் பிடிக்கிறவர்கள், படகுக்குப் பின்னால் நீண்ட கயிற்றில் தூண்டில் முள்ளை இழுத்துக்கொண்டு போவார்கள். முள்ளின் கழுத்தில் பட்டுநூலைச் சுற்றி, அதன் மேல் சேவல் இறகை வைத்துக் கட்டியிருக்கும். தண்ணீருக்குள் அது சின்ன மீன்போல நெளியும். இரை தேவையில்லை. அந்தக் கட்டுத்தான் எல்லாம். கட்டு நின்றால் மீன் வரும், கழன்றால் வெறும் இரும்புதான் கடலில் போகும். எங்கள் தெருவில் இருந்த சம்மாட்டியாரின் மூன்று படகுகளுக்கும் மாமிதான் கட்டிக்கொடுத்தார். கட்டிய முள்ளுக்குக் கூலியும், படகு கரைக்கு வரும் நாட்களில் வீட்டுக்கு மீனும் வரும். எங்கள் வீட்டுக் கறிச்சட்டியில் கிடந்த நல்ல மீனெல்லாம் மாமியின் விரலால் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மாமிக்கும் தெரியும். அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரிப்பார், உம்மாவை வேலை ஏவுவார், வாப்பாவைப் பகிடி பண்ணுவார்.

நூல் இரண்டு வகை. ஒன்று முறுக்கிய மெல்லிய பட்டு, இறகை இறுக்கிக் கட்டுவதற்கு. மற்றது முறுக்காத பட்டு, முள்ளின் உடலில் பளபளவென்று சுற்றுவதற்கு. அதைத் தடித்த கையால் தொட்டாலே இழை இழையாகப் பிரிந்துவிடும். இரண்டையும் சம்மாட்டியார் கொழும்பில் இருந்து எடுப்பிப்பார். கொண்டுவந்து வாசலில் நின்று கொடுப்பார். மாமி கதவுக்குப் பின்னால் நின்று வாங்குவார்.

"ராத்தா, நூல் வந்திட்டு."

"வெயில்ல காட்டிக்கொண்டு வந்தீங்களா தம்பி?"

"சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுவந்தன். என்ட பொஞ்சாதிக்கி வாங்கின சீலையக்கூட இப்பிடிக் கொண்டுவரல்ல."

"சீல கிழிஞ்சா அவ ஏசுவா. நூல் அறுந்தா நீங்கதானே ஏசுவீங்க."

பட்டுக்கு எங்கள் ஊர் ஆகாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத்தண்ணீர்க் களப்பு. சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும். ஆகவே மாமி அந்த நூலை ஒரு கைக்குழந்தையைப்போல வைத்திருந்தார். பெரிய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் கறுப்புத் துணி விரித்து, ஒவ்வொரு நூல்கட்டையையும் தனித்தனியே மண்ணிறக் கடதாசியில் சுற்றி அடுக்கியிருப்பார். நூலின் நுனி கட்டையின் பிளவில் செருகப்பட்டிருக்கும். ஒன்றின் நிறம் மற்றதில் படக்கூடாது. கரப்பான் வராமல் மூடியைச் சுற்றித் துணிப்பட்டி கட்டியிருக்கும். பூச்சி உருண்டை போடமாட்டார், அந்த மணத்துக்கு மீன் கிட்ட வராது என்பது அவருடைய முடிவு. நடுவில் ஒரு சின்னத் துணிப்பையில் சிரட்டைக்கரி. ஈரத்தைக் கரி குடித்துக்கொள்ளும். டின் இருந்தது உள்ளறை அலுமாரிக்கு மேலே, களப்புக் காற்றுப் படாத, அடுப்புப் புகை எட்டாத, வெயில் என்றால் என்னவென்றே தெரியாத மூலையில். வேலைக்கு உட்காருமுன் தேசிக்காய் தேய்த்துக் கை கழுவி, துடைத்து, விரலில் கொஞ்சம் அரிசிமா பூசிக்கொள்வார். எங்களில் யாராவது மீன் தின்ற கையோடு கிட்டப் போனால் முழங்கையாலேயே தள்ளிவிடுவார்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியபோது, கரைத்தீவில் ஓர் உறவுக்காரப் பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்கு மாமியைக் கூப்பிட்டார்கள். காற்று மாறி வாடைக்காலத் தொழில் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. நூல் எல்லாம் வந்து டின் நிறைந்திருந்தது. ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று புறப்பட்டவர் என்னைக் கூப்பிட்டார்.

"மகன், மழ பிடிச்சா கரிய மாத்தணும். பழைய கரி தண்ணி குடிச்சு வயிறு நிறைஞ்சு கிடக்கும். புதுச் சிரட்டைக்கரி எடுத்து, அடுப்புப் பக்கத்தில காயவச்சு, ஆறவிட்டுப் போடு. வயித்துப் புள்ளையோட உம்மாவால இப்ப கதிரையில ஏற ஏலா. நீதான் படிக்கிற புள்ள."

"ஓம் மாமி."

படிக்கிற பிள்ளை என்று சொன்னதில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுவதுண்டு. அது நியாயமான சாட்டு அல்ல.

மழை பிடித்தது. சிரட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. கரி எடுத்தால் கையும் சாரமும் கறுக்கும், உம்மா ஏசுவார். சோம்பல் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் வெறும் சோம்பல் மட்டுமல்ல. எனக்கு ஒரு யோசனை வந்தது, அந்த யோசனையில் பெருமையும் வந்தது.

எங்கள் குசினி மூலையில் எப்போதும் ஒரு சாக்கு உப்பு இருக்கும். ஆவணியில் வாரிய புது உப்பு, வாப்பா கொண்டுவந்தது. மீன் மிஞ்சினால் உம்மா அதைக் கீறி, பெரிய முட்டிக்குள் ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு மீன், மறுபடி உப்பு என்று வைப்பார். தேசிக்காயையும் அப்படித்தான். "உப்புக்குள்ள கிடக்கிற சாமான் பழுதாகாது" என்று சொல்லிக்கொண்டே கையைத் தட்டுவார். நெத்தலி கெடவில்லை, பாரை கெடவில்லை, தேசிக்காய் கெடவில்லை. பட்டு மட்டும் ஏன் கெடப்போகிறது? இத்தனை உப்பு வைத்துக்கொண்டு கரியைப் போடுகிற மாமியின் அறியாமை எனக்கு வியப்பாக இருந்தது.

கதிரையில் ஏறி டின்னை இறக்கினேன். கரியைக் கொட்டினேன். கறுப்புத் துணியின் மேல் ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு நூல்கட்டை, மறுபடி உப்பு. உப்பு நன்றாக இறங்கட்டும் என்று கடதாசிச் சுற்றுகளையும் உருவிவிட்டேன். மூடிப் பட்டி கட்டி, இருந்த இடத்தில் வைத்தேன். மாமி வந்து திறந்து பார்த்து என்ன சொல்வார் என்று இரண்டு மூன்று விதமாகக் கற்பனை செய்துகொண்டேன்.

பின்னாளில் நான் முப்பத்துச் சொச்சம் வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். உப்பளத்து உப்பில் மகனீசியம் குளோரைட்டு கலந்திருக்கும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதினேன். உதாரணம் சொல்லுங்கள் சேர் என்று பிள்ளைகள் கேட்டால், மழைக்காலத்து உப்புச் சாடியைச் சொல்வேன். மற்ற உதாரணத்தை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் ஆசை பொறுக்காமல் திறந்து பார்த்தேன். டின்னின் அடியில் தண்ணீர் நின்றது. சிவப்பு கரைந்து மஞ்சளில் இறங்கியிருந்தது. நூல்கட்டைகள் நனைந்த கோழிக்குஞ்சுகள்போலச் சாய்ந்து கிடந்தன.

அந்த நேரத்தில் உம்மாவிடம் ஓடியிருந்தால் ஓர் அடியோடு முடிந்திருக்கும். சம்மாட்டியார் முணுமுணுத்துக்கொண்டு வேறு நூல் எடுப்பித்திருப்பார். நான் ஓடவில்லை. கட்டைகளை ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். மழை இரண்டு நாள் விட்டிருந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது. குசினித் தகரக் கூரையின் மேல், யாருக்கும் தெரியாத பக்கத்தில், இரண்டு பகலும் காயவைத்தேன். கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை. உப்பு அப்படியே இழைக்குள் உறைந்தது, வெயில் மிச்சத்தைச் செய்தது. பட்டுக்கு எவையெல்லாம் ஆகாதென்று மாமி வருடக்கணக்காகக் காத்தாரோ, அவை எல்லாவற்றையும் நான் ஒரு கிழமைக்குள் செய்து முடித்தேன். கறை பட்ட மேற்சுற்றுகளை அறுத்து எறிந்துவிட்டு, கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியை வெட்டிச் சுற்றினேன். கடைசியில், சொன்னபடியே புதுச் சிரட்டைக்கரியும் எடுத்துப் போட்டேன். வெளியே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குக் கைவேலை நன்றாக வரும்.

பாதையில் வெள்ளம் நின்றதால் மாமி இரண்டு கிழமை கழித்தே வந்தார். வந்த அன்றே டின்னைத் திறந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"கடல் மணக்கிதே."

"எங்கட தலகணியும் அப்பிடித்தான் மணக்கிது மதினி" என்றார் உம்மா. "ரெண்டு கிழமையா என்ன மழ!"

"கரி மாத்தினியா மகன்?"

"மாத்தினன் மாமி."

"சிவப்பு கொஞ்சம் வெளுத்த மாதிரி இரிக்கி. என்ட கண்ணோ தெரியா. நீ மாத்தினா சரிதான்."

அடுத்த நாளிலிருந்து கட்டத் தொடங்கினார். நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எதிரில் இருந்தேன். மூன்றாவது முள்ளில் நூல் அறுந்தது. மாமி நூலைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். மறுபடி மெழுகு தடவிச் சுற்றினார். இன்னொருதரம் அறுந்தது.

"ஏன்டா என்ட கை இப்பிடி இழுக்கிது? பாரமாப் போச்சே" என்றார். பிறகு மெதுவாக, பயந்து பயந்து கட்டினார். மெழுகும் மேலே பூசிய வார்னிஷும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. மூன்று டசின் முள் கட்டி முடித்து அனுப்பினார்.

தொழில் தொடங்கிய நாளன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, சம்மாட்டியார் எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் படகோட்டி ஒரு பையோடு நின்றார். வாப்பா அப்போதுதான் வேலையால் வந்து, காலில் காய்ந்த உப்போடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். படகோட்டி பையைக் கவிழ்த்தார். முட்கள் விழுந்தன. சிலவற்றில் இரண்டு மயிர்போல இறகு ஒட்டியிருந்தது. சிலவற்றில் அதுவுமில்லை.

"அறக்குளாவுக்கு இறகு புடிக்கும் எண்டு தெரியும் ராத்தா" என்றார் படகோட்டி, கதவைப் பார்த்து. "ஆனா இவ்வளவு புடிக்கும் எண்டு தெரியா. இறகத் திண்டுட்டு முள்ள எங்களுக்கே திருப்பித் தந்திட்டுது."

"வாய மூடு" என்றார் சம்மாட்டியார். பிறகு வாப்பாவிடம், சாவு வீட்டில் பேசுவதுபோலச் சொன்னார். மூன்று படகும் மீன் கூட்டத்துக்கு நடுவில் நின்றதாம். இழுக்க இழுக்கக் கட்டு நூல்நூலாக விட்டதாம். பக்கத்துப் படகுகள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம்.

"நூல யாராவது தொட்டாங்களா? தண்ணி கிண்ணி பட்டுதா?" என்று கேட்டார். அவர் மாமியைச் சந்தேகிக்க விரும்பவில்லை. ஒரு வழி விட்டுக்கொடுத்தார். இப்போது அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீதானே டின்ன இறக்கின? என்ன செஞ்ச?"

"கரி மாத்தினன் வாப்பா. மாமிதான் மாத்தச் சொன்னாங்க. வேற ஒண்டும் செய்யல்ல."

"உண்மையா?"

"வல்லாஹி, வாப்பா."

ஒன்பது வயதுப் பிள்ளை அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யார் கேட்பது? எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

"புள்ளையக் கேக்காதீங்க" என்று கதவுக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது. "கட்டக்குள்ளயே ரெண்டு தரம் அறுந்த. நான்தான் சொல்லாம அனுப்பின. நூல்ல பிழையில்ல, தம்பி. என்ட கைதான்."

சம்மாட்டியார் குனிந்து முட்களைப் பைக்குள் பொறுக்கிப் போட்டார். "ராத்தா, நான் உங்களக் குத்தம் சொல்ல வரல்ல. ஆனா பொடியன்மார் என்ட முகத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறானுகள். இந்த முற பள்ளிக்குப் பின்னால இரிக்கிற புள்ள கட்டட்டும். மிச்ச நூல மட்டும் தாங்க, அந்தப் புள்ளைக்குக் குடுப்பம்."

அந்தப் பெண் கட்டினாலும் நூல் அறும். அறுந்தால் பிழை கையில் இல்லை, நூலில் என்று தெரிந்துவிடும். பிறகு என்னிடம்தான் வருவார்கள்.

"வேணாம் தம்பி" என்றார் மாமி. "அதுல என்ட கை பட்டிருக்கி. அவக்கிப் புது நூல் எடுத்துக் குடுங்க. இதுவும் என்ட கையோட சேந்து பழுதாகியிரிக்கும். கரிய அடிக்கடி மாத்தச் சொல்லுங்க. வெயில் படாம வைக்கச் சொல்லுங்க."

அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே, என்று நான் மனதுக்குள் சொன்னேன். இந்த வயதிலும் தொழுகையில் அந்தச் சொல் வரும் இடத்தில் நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இதற்குள் தெருவில் ஒரு விளக்கமும் பிறந்துவிட்டது. கைவிடப்பட்ட பெண்ணின் உடம்பில் சூடு கூடும், வியர்வையில் உப்பு ஊறும், அந்தக் கை பட்டால் பட்டு நிற்காது என்றார்கள். உப்பு என்ற அளவில் அவர்கள் சொன்னது சரி. மாமி அதை முழுவதுமாக நம்பினார். தேசிக்காய் தேய்த்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கை கழுவினார். விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்தது. உம்மாவுக்குக் குழந்தை பிறந்தபோது, பெருநாளுக்கு வாங்கிய பட்டுத் துணியில் அதைச் சுற்றித் தரச் சொன்னார்கள். "நீங்களே சுத்துங்க" என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சொல்லிவிட ஒரு தடவை போனேன். மாமி கிணற்றடியில் இருந்தார். "மாமி" என்றேன். "என்ன மகன்?" என்றார். பாடசாலைக்கு ஒரு கொப்பி வேண்டும் என்றேன்.

"வாப்பாக்கிட்டக் கேளு மகன்" என்றார். முன்பெல்லாம் கொப்பி வாங்கித் தந்தது அவர்தான்.

சம்மாட்டியார் அடுத்த வருடமும் வரவில்லை. அதற்கடுத்த வருடம் மாமி வண்ணாத்திவில்லுவில் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் வீட்டுக்குச் சமைத்துக்கொடுக்கப் போனார். நான் படிக்கிற பிள்ளைதான், படித்தேன், கொழும்புக்குப் போனேன். மாமியின் மையித்துச் செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பிறகு யாரிடம் சொல்வது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது வசதியான கேள்வியாக இருந்தது, நீண்ட காலம் உதவியது.

இவ்வளவையும் நான் எப்படியோ சுமந்துவிட்டேன். பொய்யைக்கூட, சத்தியத்தைக்கூட. குழந்தை பயந்தது, பொய் சொன்னது, அல்லாஹ் மன்னிப்பவன் என்று சொல்லித் தூங்க முடிகிறது. தூங்க முடியாதது வேறொன்று.

சம்மாட்டியார் வந்துபோன பிறகு எங்கள் வீட்டு மீனை வாப்பா வாங்கிவர வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் மாமி எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட உட்கார்ந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சட்டியில் தனக்கென்று உம்மா வைத்த துண்டை எடுத்து வந்து என் சோற்றுக் கோப்பையில் வைப்பார். "எனக்கு இப்ப மீன் ஒத்துக்கொள்ளுதில்ல. நீ வளர்ற புள்ள, தின்னு" என்பார். உம்மா வேறு பக்கம் பார்ப்பார். வாப்பா கை கழுவ எழுந்துவிடுவார். மாமிக்கு என் மேல் கோபமில்லை, முன்னைவிடப் பாசம் கூடியிருக்கிறது என்று நான் நினைத்தேன். அதில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டு, ஒன்றும் மிச்சம் வைக்காமல், ஒவ்வொரு நாளும் அதைச் சாப்பிட்டேன்.